தாத்தாவுக்கு அப்பா பேர் என்ன?

பெரும்பாலான வீடுகளில் கதை தாத்தா பேரோடு நின்றுவிடும். இனிஷியல் ஒரு தலைமுறைக்குத்தான் வேலை செய்யும். ஆ. கோவிந்தசாமியின் மகன் கோ. ஆறுமுகம் ஆனதும், அந்த 'ஆ' யார் என்பது வீட்டில் ஒரு ஆயாவுக்கு (பாட்டிக்கு) மட்டும்தான் தெரிந்திருக்கும். தொடர்ந்து வரும் குடும்பப் பெயர் நம்மில் பலருக்கு இல்லை. அதனால் பூர்வீகம் தேடும் வேலை இங்கே, கடலூர், புதுச்சேரிப் பக்கம், ஆபீஸில் தொடங்குவதில்லை. முதலில் உறவுக்காரர் வீடு, பிறகு கோயிலும் இடுகாடும், அதற்கப்புறம்தான் பதிவேடு.

தேடுவது என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஒரு முன்னோரை 'பிடித்துவிட்டோம்' என்று சொல்ல நான்கு விஷயம் தேவை: பேர், யாருடைய பிள்ளை, எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம். முதல் மூன்றையும் மனிதர்கள் சொல்வார்கள். வருஷத்தைக் கேட்டால் 'ரொம்ப காலத்துக்கு முன்னாடி' என்பார்கள். கல்லறையில் வருஷம் இருக்கும், ஆனால் பக்கத்துக் கல்லறையில் கிடப்பவர் தம்பியா, மைத்துனனா என்று அது சொல்லாது. இரண்டையும் ஒட்டவைப்பதுதான் இந்த வேலை முழுக்க. அப்பா–மகன் என்று போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக இரண்டு ஆதாரம் கேளுங்கள். இரண்டு சித்தப்பாக்கள் ஒரே மாதிரி சொன்னாலும், இருவரும் ஒரே அத்தை வாயிலிருந்து கேட்டிருந்தால் அது ஒரு ஆதாரம்தான்.

எங்கேயும் கிளம்பும் முன் வீட்டு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகையை எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். அதைவிடப் பயன் தருவது கருமாதிப் பத்திரிகை. இறந்த தேதி, நேரம், காரியம் நடந்த இடம், மகன்கள், மகள்கள், மருமகன்கள் ஊரோடு, சம்பந்தி வீட்டார், பங்காளிகள் என்று ஒரே அட்டையில் ஒரு வம்சமே அச்சாகியிருக்கும். ஆனால் கெட்ட சேதியை வீட்டில் வைக்கக் கூடாது என்று படித்ததும் கிழித்துப் போடுகிறவர்கள் அதிகம். பத்து வீட்டில் கேட்டால் ஒரு வீட்டில் கிடைக்கும், அதுவும் கணக்கு நோட்டுக்குள் செருகி.

அடுத்தது மொய் நோட்டு. 1960களில் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டில் 'பாகூர் கோ. முருகேசன் ரூ. 5' என்று ஒரு வரி இருந்தால், பாகூரில் கொண்டு கொடுத்த வீடு ஒன்று உண்டு என்று பொருள். தாய்மாமன் சீர் தனியாக, பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். குடும்பக் கொடிகளில் பெண்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். ஆயாவின் பிறந்த வீடு எது என்று தெரியாதபோது, காதுகுத்துக்கு மாமன் மடி கொடுத்தவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடினால் வழி திறக்கும்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது

சாயங்காலம் 4 மணிக்கு மேல் போங்கள். காலையில் போனால் சமையலும் மாத்திரையும் முடிந்திருக்காது. பழம், வெற்றிலை பாக்கு இல்லாமல் போகக் கூடாது. நோட்டை எடுத்ததும் எழுதத் தொடங்காதீர்கள், சொத்து விவகாரத்துக்கு வந்திருக்கிறான் என்று வாயை மூடிக்கொள்வார்கள். பழைய போட்டோ ஒன்றை நீட்டி 'ஆயா, இதுல ஓரமா நிக்கிறது யாரு?' என்று கேட்டால் போதும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராமல் இன்னொரு நாள் வருவது நல்லது. நடுவில் அவர்களுக்கே நாலு பேர் நினைவுக்கு வந்திருக்கும்.

ஆரம்பக்காரர்கள் அதிகம் இடறி விழுவது உறவு முறைச் சொற்களில். 'சித்தப்பா' அப்பாவின் உடன்பிறந்த தம்பியாக இருக்கலாம், அப்பாவின் பெரியப்பா மகனாக இருக்கலாம், சின்னம்மா புருஷனாகவும் இருக்கலாம். 'மாமா' இன்னும் மோசம்: அம்மாவின் அண்ணன், அத்தை புருஷன், மாமனார் எல்லோரும் மாமாதான். 'நாங்க அண்ணன் தம்பி' என்று ஒருவர் சொன்னால் மூன்று தலைமுறைக்கு மேலே பிரிந்த பங்காளியைக்கூட அது குறிக்கும். ஆகவே ஒவ்வொரு பேருக்கும் பின்னால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: 'கூடப் பொறந்தவரா, இல்ல பெரியப்பா சின்னப்பா புள்ளையா?' இன்னொன்று: 'ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்தங்களா?' மூத்தாள், இளையாள் என்று இரண்டு தாரம் இருந்த வீடுகள் ஏராளம். சுவீகாரம் போனவர்களும் உண்டு. இதைக் கூட்டத்தில் கேட்காதீர்கள், தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். ஆறுமுகம், கோவிந்தசாமி, ஆறுமுகம், கோவிந்தசாமி என்று மாறி மாறி வரும்போது இரண்டு ஆறுமுகத்தை ஒருவராக்கி ஒரு தலைமுறையையே முழுங்கிவிடுவார்கள். அண்ணன் தம்பி இருவருமே தங்கள் முதல் பையனுக்கு அப்பா பேரை வைத்திருந்தால் ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பேரில் இரண்டு பேர். இதற்கு எண்தான் மருந்து. நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. யாராக இருந்தாலும் அவருடைய எண்ணை இரண்டால் பெருக்கினால் அவர் அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அவர் அம்மா. அப்பாவழித் தாத்தா 4, ஆயா 5. அம்மாவழித் தாத்தா 6, ஆயா 7. பேர் எத்தனை முறை திரும்பி வந்தாலும் 2ஆம் எண் ஆறுமுகமும் 8ஆம் எண் ஆறுமுகமும் கலக்க மாட்டார்கள். வயசுக் கணக்கும் ஒரு காவல்: தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் 14 வருஷத்துக்குக் குறைவாகவோ 45க்கு மேலாகவோ வந்தால் எங்கேயோ ஒரு தலைமுறை விழுந்திருக்கிறது, அல்லது நுழைந்திருக்கிறது. பட்டப்பேரையும் விடாமல் எழுதுங்கள். ஊருக்குள் போய் 'ஆறுமுகம் வீடு' என்றால் யாருக்கும் தெரியாது, 'கட்டையன் வூடா?' என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள்.

உறவுக்காரர் சொல்வது முடியும் இடத்தில் குலதெய்வக் கோயில் தொடங்கும். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் வீடுகள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். குடும்பம் நெய்வேலிக்கோ சென்னைக்கோ போய் எண்பது வருஷம் ஆகியிருந்தாலும் முதல் மொட்டைக்கு அந்தக் கோயிலுக்குத்தான் வந்திருப்பார்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும் கோயில்களில் வரி நோட்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பத்து வருஷ இடைவெளியில் இரண்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் இறந்தார், யாருடைய மகன் புதிதாக வரி கட்டத் தொடங்கினான் என்பது பளிச்சென்று தெரியும். பூசாரியிடம் கேட்பதைவிட வரி வசூலிக்கிறவரிடம் கேட்பது மேல்.

கல்லறையும் இடுகாடும்

இந்தப் பக்கத்து ஊர்களில் புதைப்பவர்களும் உண்டு, எரிப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கம் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், எரித்தவருக்குக் கல்லறை தேடி ஒரு நாளை வீணாக்க வேண்டாம். வள்ளலார் இறந்தவரைச் சுடக் கூடாது, புதைக்க வேண்டும் என்றவர். அதனால் வடலூர்ப் பக்கம் சன்மார்க்க வழியில் வந்த குடும்பமென்றால், ஊரார் எரிக்கும் வழக்கமுள்ளவர்களாக இருந்தாலும் இவர்களுக்குச் சமாதி இருக்கலாம். ஊர்ப் பொது இடுகாட்டைத் தவிர, சொந்த நிலத்தின் வரப்போரத்திலும் தோப்பிலும் சமாதி வைத்த குடும்பங்கள் உண்டு. நிலம் கைமாறியிருந்தால் இப்போதைய சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டே காலை வையுங்கள்.

கல்லறை கிடைக்கவில்லை என்றால் ஆள் அங்கே அடங்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. மண்மேடு இரண்டு மூன்று மழைக்காலத்தில் கரைந்துவிடும். பொது இடுகாட்டில் இடப் பற்றாக்குறையால் அதே குழி சில வருஷங்களில் மறுபடி திறக்கப்படும். கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் குடும்பக் குழி ஒன்றிலேயே அடுத்தடுத்து அடக்கம் செய்து, கல்லில் பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு போவார்கள். கல்லில் முதல் பேர் மேலே, கடைசிப் பேர் கீழே என்றுதான் நினைப்போம். ஆனால் புதுக்கல் போடும்போது பழைய பேர்களை வயசு வரிசையில் மாற்றி வெட்டுவதும் நடக்கும். புதுக்கல்லில் உள்ள பழைய தேதியை நம்புவதற்கு முன், அதை யார் சொல்லி வெட்டினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது இடம்பெயர்ந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: இப்போதைய ஊரில் தாத்தாவுக்கு மேல் யாரும் அடங்கியிருக்க மாட்டார்கள். 'பழைய ஊர்' எது என்பதுதான் அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

போக நல்ல நாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். புதுச்சேரி உப்பளம் கல்லறைத் தோட்டமானாலும் கடலூர்ப் பக்கத்துச் சின்னப் பங்கானாலும், அன்றைக்கு வெளியூர் உறவுகளெல்லாம் சுண்ணாம்பும் பூவும் மெழுகுவத்தியுமாக வந்து சேரும். எந்தக் கல்லறைக்கு யார் மெழுகுவத்தி ஏற்றுகிறார் என்று பார்த்தாலே உறவு புரியும். ஆனால் எழுத்தைப் படிக்க அந்த நாள் சரிப்படாது. புதுச் சுண்ணாம்பு வெட்டெழுத்துக்குள் புகுந்து அடைத்திருக்கும், கல்லின் மேல் முழுக்க மாலை. மனிதர்களுக்காக அன்று போங்கள், கல்லுக்காக இன்னொரு நாள்.

முஸ்லிம் குடும்பமென்றால் ஜமாஅத் அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் மையவாடிக்கு (அடக்கத்தலத்துக்கு) போக வேண்டும். பரங்கிப்பேட்டை போன்ற பழைய துறைமுக ஊர்களில் மீசான் கல்லைவிட (கல்லறைக் கல்லைவிட) ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு கைகொடுக்கும், அதில் இரு வீட்டுத் தகப்பன் பேரும் இருக்கும். இந்து வீடுகளில் ஒரு வரிசை முறை உண்டு: உறவுக்காரரை முதலில் பார்த்துவிட்டு இடுகாட்டுக்குப் போங்கள். இடுகாட்டிலிருந்து நேரே, குளிக்காமல் ஒருவர் வீட்டுப் படி ஏறினால் அதற்கப்புறம் அங்கே உங்களுக்கு ஒரு பேச்சும் கிடைக்காது. பெண்கள் இடுகாட்டுக்குள் வருவதை ஒப்பாத ஊர்களும் இருக்கின்றன, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது தகராறைத் தவிர்க்கும்.

கையில் வேண்டியவை: இரண்டு லிட்டர் தண்ணீர், மெல்லிய நார் பிரஷ், டார்ச், அளவு டேப், பென்சில், நோட்டு. கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. கடற்காற்றில் உப்பு ஊறிய சிமென்ட் பூச்சு ஏற்கெனவே உதிரும் நிலையில் இருக்கும், கம்பி பட்டால் எழுத்தோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். சலவைக்கல்லில் ஆசிட் பட்டால் மேற்பரப்பே அரித்துப் போகும். கருங்கல் மட்டும்தான் தாங்கும், அதற்கும் வெறும் தண்ணீர் போதும். இரும்புச் சிலுவையில் பெயிண்டால் எழுதிய பேர் துருவோடு போயிருந்தால் அதைத் துடைக்காதீர்கள், பக்கவாட்டில் போட்டோ மட்டும் எடுங்கள்.

எழுத்து மங்கியிருந்தால் உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலை 7 மணிக்கு முன்னாலோ மாலை 5 மணிக்குப் பின்னாலோ, வெளிச்சம் சாய்ந்து விழும்போது வெட்டின் விளிம்பில் நிழல் நிற்கும். நண்பகலில் மாட்டிக்கொண்டால் ஒருவர் குடையால் நிழல் பிடிக்க, மற்றவர் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். போட்டோ எடுக்கும் வரிசை: கேட்டிலிருந்து தெரியும் தோற்றம், முழுக் கல், ஒவ்வொரு வரியாக நெருக்கத்தில், பின்பக்கம், இரண்டு பக்கத்துக் கல்லறைகள். போனில் லொக்கேஷனை ஆன் செய்து வைத்தால் இடமும் சேர்ந்து பதிவாகும். படித்ததை அங்கேயே, கல்லில் உள்ள பிழையோடு, வரி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். 'சுப்பறாயன்' என்று வெட்டியிருந்தால் 'சுப்பராயன்' என்று திருத்தாதீர்கள்.

எழுத்து வடிவமே காலத்தைக் காட்டும். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போல வளைந்த பழைய கொம்போடும், ணா, றா, னா சுழித்த பழைய வடிவிலும் இருந்தால் அந்தக் கல் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கல்தச்சர் உடனே கை மாற்றிக்கொள்ளவில்லை என்பதால் 1980களிலும் பழைய எழுத்து வரும். தமிழ் எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம்: ௧ ஒன்று, ௨ இரண்டு, ௩ மூன்று, ௪ நான்கு, ௫ ஐந்து, ௬ ஆறு, ௭ ஏழு, ௮ எட்டு, ௯ ஒன்பது. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். '௲௯௱௨௰௭' என்றால் 1927. எண்ணை அடுத்து ௵ வந்தால் வருஷம், ௴ மாசம், ௳ தேதி. ௭ஐயும் ௭ போலவே இருக்கும் எ எழுத்தையும் குழப்பிக்கொள்வது சகஜம், ௧ஐயும் க எழுத்தையும் அப்படித்தான்.

வருஷக் கணக்கு

பெரியவர்கள் 'பிரபவ வருஷம் பொறந்தவரு' என்பார்கள். பிரபவ 1987இல் வந்தது; அதிலிருந்து அறுபது அறுபதாகக் கழித்தால் 1927, 1867. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனிப் பிறப்பென்றால் பெரும்பாலும் அடுத்த இங்கிலீஷ் வருஷம். சக வருஷத்தோடு 78 கூட்டுங்கள். ரெவின்யூ காகிதத்தில் வரும் பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஜூலையின் வருஷம் கிடைக்கும்: பசலி 1346 என்றால் 1936 ஜூலை முதல் 1937 ஜூன் வரை. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறக்குறைய சரியாக வரும். ஹிஜ்ரி 1340, 1921 செப்டம்பரில் தொடங்கியது. திவசம் கொடுக்கும் வீட்டில் வருஷம் மறந்திருந்தாலும் மாசமும் திதியும் மறந்திருக்காது. வருஷம் வேறு வழியில் தெரிந்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்தில் தேதியையே பிடித்துவிடலாம்.

வருஷமே தெரியாதவரிடம் சம்பவத்தை வைத்துக் கேட்க வேண்டும். தானே புயலுக்கு முன்னாலா (2011 டிசம்பர் 30), சுனாமிக்கு முன்னாலா (2004 டிசம்பர் 26), பிரெஞ்சுக்காரன் போவதற்கு முன்னாலா (1954 நவம்பர் 1). தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் விட்டு வந்தோம் என்று ஒரு குடும்பம் சொன்னால் அது 1876ஐ ஒட்டியது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. வயலைத் தாண்டினால் வேறு ஆட்சி. ஆகவே பாகூரில் பிறந்து கடலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஆயாவின் பிறப்பு பிரெஞ்சுப் பதிவேட்டில் இருக்கும், இறப்பு தென்னாற்காடு ஜில்லாப் பதிவில் இருக்கும். 1993இல் ஜில்லா பிரிந்து கடலூர், விழுப்புரம் என்றான பிறகும் பழைய காகிதங்களில் தென்னாற்காடு என்றே தேட வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சியின் 'எத்தா சிவில்' பதிவேடுகள் தேடுகிறவருக்குப் பெரிய கொடை. பிறப்பு, திருமணம், இறப்பு என மூன்று வகை. ஒவ்வொன்றிலும் பெற்றோர் பேர், வயது, சாட்சிகள். ஒவ்வொரு வருஷமாகப் புரட்ட வேண்டியதில்லை, பத்து வருஷத்துக்கு ஒரு பேர் அட்டவணை போட்டிருப்பார்கள். சுமார் நூறு வருஷத்துக்கு முந்தைய பதிவேடுகளில் பலவற்றை பிரான்சின் எக்ஸான் புரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகள் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே பார்க்க வைத்திருக்கிறது. தெரிந்திருக்க வேண்டிய சொற்கள் நாலைந்துதான்: 'ஃபிஸ்' மகன், 'ஃபீய்' மகள், 'வெவ்' விதவை, பேருக்கு முன் 'ஃபே' என்றிருந்தால் அவர் அப்போது காலமாகிவிட்டவர். இந்தக் கடைசிச் சொல் இறப்புப் பதிவு கிடைக்காதபோது எல்லை கட்டித் தரும். பிரெஞ்சில் 'உ' ஓசைக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து, 'க'வுக்குப் பெரும்பாலும் கே இல்லை, சி. முத்து, கண்ணு, கோவிந்தன் என்று பேரை இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். 1881ஆம் வருஷ ஆணையின்படி, சாதி, மதம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்த குடும்பங்கள் அப்போது ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு மேலே தேடும்போது அந்தப் பெயரை மறந்துவிட்டுப் பழைய தமிழ்ப் பேரோடு போக வேண்டும்.

ரெயூனியன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளுக்குக் கப்பல் ஏறியவர்களைத் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புதுச்சேரியில் ஏறினார் என்று பதிவு இருப்பதால் புதுச்சேரிக்காரர் என்று ஆகாது. 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிலீஷ்காரன் பக்கத்து ஜில்லாக்களிலும் ஆள் சேர்க்க அனுமதி இருந்தது.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயில் பதிவேடு தனி. புதுச்சேரி நகரத்திலேயே மிஷன் வீதி சம்பா கோயில், துய்மா வீதி கப்ஸ் கோயில் என்று வேறு வேறு பங்கு. தப்பான பங்கில் கேட்டுவிட்டு 'இல்லை' என்று திரும்பாதீர்கள். பங்கு அலுவலகத்தில் பேர், தகப்பன் பேர், ஐந்து வருஷ இடைவெளிக்குள் ஒரு கணிப்பு, மூன்றையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பேரைத் தவறவிடக் கூடாது, அது பெரும்பாலும் நெருங்கிய உறவுதான்.

கடைசியாகப் பத்திரம். சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கம் போட்டால் கிரயம், பாகம், தானம் என்று பட்டியல் வரும். கம்ப்யூட்டரில் ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்குப் பிறகு உள்ளதுதான் வரும், அதற்கு முந்தையதைக் கையால் தேட மனு கொடுக்க வேண்டும். தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். 'பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு' (முன்னோர் வழியாக வந்து) என்று தொடங்கும் பத்தியில் தாத்தாவின் அப்பா பேர் பெரும்பாலும் வரும். 'சுயார்ஜிதம்' என்றிருந்தால் அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு மேலே போக முடியாது, அவரே வாங்கியது. கீழே 'மைனர் கோவிந்தசாமி வயது 9, கார்டியன் தாயார்' என்று ஒரு வரி இருக்கிறது, பத்திரம் 1936ஆம் வருஷத்தது என்று வையுங்கள். பிறப்பு 1927ஐ ஒட்டி. ஆயா சொன்ன பிரபவ அதே வருஷம். இரண்டும் வேறு வேறு வாயிலிருந்து வந்தவை, எனவே 4ஆம் எண்ணுக்கு நேரே மையால் எழுதலாம். கார்டியன் தகப்பனாக இல்லாமல் தாயாராக இருப்பதால் 8ஆம் எண் அப்போதே இறந்திருக்கக்கூடும். அதைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அடுத்த நவம்பர் 2க்கோ அடுத்த திருவிழாவுக்கோ விட்டுவையுங்கள்.